மணலைப் பார்க்க இரண்டு ராத்திரி ரயில்

"மணலப் பாக்கதுக்கா ரெண்டு ராத்திரி ரயில்ல போணும்? நம்ம திருவான்மியூர் பீச்சுல கெடக்கது என்ன, சீனியா?"

அத்தை கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை பத்து நிமிட நடை. மணல் வேண்டுமென்றால் செருப்போடு தினமும் வீட்டுக்குள்ளேயே வருகிறது. ஆனால் இவருக்கு ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலிருக்கும் ஜெய்சல்மேர் பார்க்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிற ஆசை. ஓய்வு பெற்ற கையோடு டிக்கெட் போட்டுவிட்டார். அத்தைக்கு வயது எழுபத்து நான்கு. தனியாக விட்டுப் போக முடியாது, கூட்டிக்கொண்டு போகவும் பயம். "நான் வரேன், ஆனா ஒட்டகத்துல மட்டும் ஏற மாட்டேன்" என்று அவரே முடிவு சொன்னார்.

தை மாதம் கிளம்பினோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அங்கே மனிதர் போகிற காலம். பௌர்ணமியை ஒட்டிப் போனால் நிலவில் மணல் ஜொலிக்கும் என்றார்கள். அறை வாடகையும் ஜொலித்தது. அதனால் அமாவாசையை ஒட்டிப் போனோம். கஞ்சத்தனத்தில் எடுத்த முடிவு எவ்வளவு நல்ல முடிவு என்று பின்னால் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஜோத்பூர். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் நாள், புளியோதரை இரண்டாம் நாள். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு இன்னொரு ரயில். வழியில் பலோடி என்று ஒரு ஊர் வரும். 2016 மே மாதம் அங்கே 51 டிகிரி அடித்தது. இந்தியாவில் அதுவரை பதிவானதிலேயே அதிக வெயில் அது. நாங்கள் அதைக் கடந்தபோது நான் என் மகனின் பழைய பெங்களூரு ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்னைக்காரிக்குக் குளிர் என்றால் மார்கழி மாத டிசம்பர் கச்சேரிக்கு எடுத்துப் போகிற சால்வைதான். இங்கே ராத்திரி ஏழெட்டு டிகிரி. நம் ஊரில் கடல் காற்றின் ஈரம் பகல் சூட்டைப் போர்வை மாதிரி பிடித்துவைக்கிறது. இங்கே காற்றில் ஈரமும் கிடையாது, மேலே மேகமும் கிடையாது. சூரியன் இறங்கிய அரைமணி நேரத்தில் மணல் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சில்லென்று ஆகிவிடுகிறது.

பாலைவனம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் மேடு என்றுதான் நினைத்திருந்தேன். தார் அப்படி இல்லை. ஜெய்சல்மேரிலிருந்து காரில் போனால் பெரும்பாலும் கல்லும் சரளையும் முள்ளும் புதருமான கட்டாந்தரைதான். நடுவே ஆட்டு மந்தை, கம்பு அறுத்த வயல், குடிசைகள். உலகத்துப் பாலைவனங்களிலேயே மக்கள் அதிகம் நெருங்கி வாழ்வது இங்கேதான் என்கிறார்கள். அதை நம்ப ஒரு மணி நேரப் பயணம் போதும். சாலையோரம் எருக்கு. அப்புறம் நம் ராமநாதபுரத்தைத் தூக்கி வைத்த மாதிரி சீமைக்கருவேலம். அங்கே அதன் பெயர் 'விலாயதி பபூல்'. விலாயத் என்றால் சீமை, பபூல் என்றால் கருவேலம். இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து பேசி வைத்த பெயர் மாதிரி இருக்கிறது.

இன்னொரு மரம் வழியெல்லாம் நின்றது. கிளைகளை மொத்தமாகக் கழித்து மொட்டை போட்டு விட்டிருந்தார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. குளிர்காலத்தில் தழையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வெட்டிக் கொடுப்பார்களாம், மரம் மறுபடி துளிர்த்துவிடுமாம். பெயர் கேஜ்ரி என்றார் டிரைவர். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் வெட்டாத மரம் ஒன்று இருந்தது. அத்தை அதன் கீழே போய் நின்று, ஒரு இணுக்கைப் பிடித்து இழுத்து, இலையைத் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி, இது நம்ம கோயில் வன்னில்லா?"

ஆமாம். அதேதான். திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலின் தல விருட்சம் வன்னி. அகத்தியருக்கு இறைவன் மூலிகை வைத்தியம் சொல்லிக் கொடுத்தது அந்த மரத்தடியில்தான் என்பது தல புராணம். இருபத்தேழு வருடமாகப் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அந்த மரத்தைச் சுற்றி வருகிறேன். ஆனால் மரமாக அதைப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. மஞ்சள் கயிறும் குங்குமமும்தான் பார்த்திருக்கிறேன். அது பாலைவனத்து மரம் என்பதே எனக்குத் தெரியாது. மழை பெய்யாத ஊரில் ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கித் தண்ணீர் தேடிக்கொள்ளும் மரம், எங்கள் ஊரில் கடலுக்குப் பக்கத்தில் நின்று விபூதி வாங்கிக்கொண்டிருக்கிறது.

ராஜஸ்தானின் மாநில மரம் இது. இதற்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். 1730-இல் ஜோத்பூர் அரண்மனை வேலைக்காக விறகு வெட்ட ஆட்கள் வந்தபோது, கேஜர்லி கிராமத்தில் அம்ருதா தேவி என்ற பிஷ்னோய் சமூகத்துப் பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவரையும் அவர் பெண்களையும் வெட்டினார்கள். அதன் பிறகும் மரத்துக்கு ஓர் ஆளாக வந்து நின்றுகொண்டே இருந்தார்கள். மொத்தம் 363 பேர். இதைக் கேட்டதும் அத்தை அந்த இணுக்கைக் கீழே போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜெய்சல்மேர் ஊரைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். 1156-இல் ராவல் ஜெய்சல் கட்டிய கோட்டை. மஞ்சள் கல். சாயங்கால வெயிலில் அசல் மைசூர்பாகு நிறம். கோட்டைக்குள் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், துணி காய்கிறது, குக்கர் விசிலடிக்கிறது. உள்ளே தங்கவும் விடுதிகள் உண்டு. ஆனால் நாங்கள் தங்கவில்லை, நீங்களும் தங்காதீர்கள். குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்துக்குக் கட்டிய கோட்டை அது. இப்போது குளியலறைகளிலிருந்து கசியும் தண்ணீர் அடியிலுள்ள களிமண்ணை இளக்கிச் சுவர்களை அசைக்கிறது. ஒரு வாளி வெந்நீருக்காக அந்தப் பாவத்தில் பங்கு எதற்கு?

மணல் மேட்டுக்கு வருவோம். எல்லாரும் போவது சம். ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். முதல் நாள் அங்கே ஒரு கேம்ப்பில் பதிவு செய்திருந்தோம். இணையப் படத்தில் தனியாக ஒரு கூடாரம், பின்னால் ஆளில்லாத மணல். நேரில் கூடாரத்துக்குக் கூடாரம் ஒரு கை தூரம், மணல் முழுக்க ஜீப் தடம், சிப்ஸ் பாக்கெட். ராத்திரி பதினொன்றரை வரை டிஜே. பக்கத்துக் கேம்ப்பிலும் டிஜே, அதற்கடுத்ததிலும். மூன்று பாட்டு ஒரே நேரத்தில் கேட்டால் எப்படி இருக்கும் என்று தி.நகரில் தீபாவளி ஷாப்பிங் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு மட்டும் அது பிடித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் இவர் யாரையெல்லாமோ விசாரித்து எங்களைக் குரிக்குக் கூட்டிப் போனார். ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய அதே தூரம். அது ஒரு கிராமம். மண் சுவர் வைத்து, சாணம் மெழுகி, வெள்ளைக் கோலம் போட்ட வட்ட வீடுகள். வீட்டுக்குப் பின்னாலிருந்தே மணல் மேடு தொடங்கிவிடுகிறது. இவரும் நானும் ஒட்டகத்தில் போனோம். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தியது என் மகனின் போனில் வீடியோவாக இருக்கிறது. அத்தை ஒட்டக வண்டியில் ஜமுக்காளம் விரித்து, மகாராணி மாதிரி பின்னால் வந்தார்.

மேட்டின் உச்சியில் இறங்கி நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இது நம்ம தேரிதாம்ட்டி. கலருதான் வேற."

அத்தைக்குப் பிறந்த ஊர் உடன்குடி. திருச்செந்தூர்ப் பக்கம் செக்கச்செவேல் என்று மணற்குன்றுகள் இருக்கும். மணலில் இரும்புச் சத்து ஏறியதால் வந்த சிவப்பு. அதற்குப் பெயர் தேரி. நாங்கள் 'மணல் மேடு', 'மணற்குன்று' என்று புத்தக வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்க, அவரிடம் இரண்டு எழுத்தில் வார்த்தை தயாராக இருந்தது. சிறு வயதில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குத் தேரியில் கால் புதையப் புதைய நடந்ததையும், மணலுக்கு நடுவே சுனையில் தண்ணீர் கிடந்ததையும் சொல்லிக்கொண்டே போனார். ஒட்டகக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் எதையோ இந்தியில் சொல்ல, அத்தையும் தலையை ஆட்டினார்.

சூரியன் மறைவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிடித்தது மறுநாள் விடியல்.

ஐந்தரைக்கு எழுந்து, குல்லாவும் சால்வையுமாக நான் மட்டும் மேட்டில் ஏறினேன். ராத்திரி காற்று அடித்து முந்தைய நாள் காலடிகளையெல்லாம் அழித்து வைத்திருந்தது. புதிதாக வரி வரியாக அலை. காற்று வரும் பக்கம் மேடு சாய்வாக ஏறுகிறது. மறுபக்கம் சரேலென்று இறங்குகிறது. அந்த இறக்கத்தில் ஒரு விரலால் தொட்டால்கூட மணல் கொஞ்சம் சரிந்து, பழைய சரிவுக்கே வந்து நிற்கிறது. அதற்கு மேல் செங்குத்தாக மணலால் நிற்க முடியாது. இப்படி ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் கொட்டித்தான் காற்று மேட்டையே மெதுவாக நகர்த்திக்கொண்டு போகிறது.

வெளிச்சம் சாய்வாக விழ விழ, மணலில் எழுதியிருந்ததெல்லாம் தெரிய ஆரம்பித்தது. தையல் மெஷினில் ஓட்டிய மாதிரி இரண்டு வரிசைப் புள்ளிகள். போய்ப் பார்த்தால் முடிவில் ஒரு கறுப்பு வண்டு. நடுவில் வால் இழுத்த கோடும் இருபுறமும் நகக்குறியுமாக ஒரு பல்லியின் தடம் புதருக்குள் போய் முடிந்தது. நாய்க்கால் மாதிரி, ஆனால் சிறியதாக, நேர்கோட்டில் ஒரு தடம். நரி என்றார், பின்னால் வந்த, நாங்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர். ஓரிடத்தில் எலியின் சின்னக் கால்தடங்கள் ஓடி வந்து, சட்டென்று நின்றிருந்தன. அதற்கு மேல் எதுவும் இல்லை, இருபுறமும் மணலில் விசிறி அடித்த மாதிரி ஒரு கீறல் மட்டும். ஆந்தையாக இருக்கும் என்று அவர் கையை இறக்கை மாதிரி விரித்துக் காட்டினார். ராத்திரி முழுக்க நான் தூங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு நூறடியில் இவ்வளவு நடந்திருக்கிறது. ஏழரை மணிக்குக் காற்று எழும்பியதும் எல்லாம் அழிந்துபோனது.

பகலில் பாலைவனத் தேசியப் பூங்காவின் பக்கம் போனோம். 1980-இல் அறிவித்த, 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பு. சிங்காரா மான்கள் கண்ணில் பட்டன. கானமயில் படவில்லை. பேரில் மயில் இருந்தாலும் மயில் இல்லை அது. ஒரு மீட்டர் உயரம், பதினைந்து கிலோ வரை எடை, பறக்கிற பறவைகளில் பெரிய உடம்புக்காரர். ஒருகாலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்திருக்கிறது. இப்போது நாடு முழுக்கச் சேர்த்தாலும் இருநூறுக்குள்தான். காற்றாலையும் சூரிய மின்சாரமும் வந்து, மின்கம்பிகள் பெருகிவிட்டன. அந்தப் பறவைக்கு நேர் எதிரே பார்வை குறைவு. அந்தக் கனத்தோடு சட்டென்று திரும்பவும் முடியாது, கம்பியில் மோதிவிடுகிறது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்து 'எவ்வளவு அழகு' என்று போட்டோ எடுத்தவள்தான் நானும். இங்கே அதே விசிறிகளை அண்ணாந்து பார்க்கச் சங்கடமாக இருந்தது.

குல்தாராவுக்கும் போனோம். பாலிவால் பிராமணர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுவிட்டுப் போன ஊர். கூரையில்லாத வீடுகளும் தெருக்களும் அப்படியே நிற்கின்றன. வழிகாட்டி அரைமணி நேரம் பேய்க்கதை சொன்னார். நான் கேட்க விரும்பியது வேறு. அந்த ஜனங்கள் 'கடீன்' என்று ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். கல் மேட்டிலிருந்து மழைநீர் வழிந்து இறங்கும் பள்ளத்துக்குக் குறுக்கே நீளமாக மண் கரை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிலத்துக்குள் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே காய்ந்ததும் அந்த ஈரத்தை நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். பாய்ச்சல் கிடையாது. வருடத்துக்கு 200 மில்லிமீட்டர்கூடச் சரியாகப் பெய்யாத ஊரில் கோதுமை! நம் சென்னையில் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 2015-இல் வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாளியில் இறைத்தேன், 2019 கோடையில் அதே வாளியோடு லாரிக்குக் காத்திருந்தேன். பேய் இருக்கட்டும், அந்தக் கரை எங்கே என்று கேட்டேன். வழிகாட்டிக்கு என் மேல் சுவாரசியம் போய்விட்டது.

ராத்திரி சாப்பாடு கம்பு ரொட்டி, நெய், பூண்டுச் சட்னி, அப்புறம் கரும்பச்சையாக ஒரு பொரியல். கொத்தவரை வற்றல் மாதிரி இருந்தது, கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் புளிப்பு. "கேர் சாங்ரி" என்றார் வீட்டம்மா. கேர் என்பது ஒரு முள் புதரின் சின்னக் காய். சாங்ரி? அவர் வாசலைக் காட்டினார். கேஜ்ரியின் காய்தான் அது. பிஞ்சாகப் பறித்து வேகவைத்துக் காயவைத்தால் வருடக்கணக்கில் இருக்குமாம். அத்தை ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாமி மரத்தையா திங்கோம்?"

"அம்மா, துளசியும்தானே திங்கறோம்" என்றார் இவர். அத்தை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டதும் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு மாங்கணியார் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். மைக் இல்லை. ஒருவர் மடியில் கமாய்ச்சா, வயிறு பெருத்த, வில் போட்டு வாசிக்கிற வாத்தியம். இவர்கள் முஸ்லிம்கள். இந்துக் குடும்பங்களின் பிள்ளைப்பேற்றுக்கும் கல்யாணத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறவர்கள். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துப் பல்லில் வைத்தார். "அட, மோர்சிங்!" என்றார் இவர், மயிலாப்பூர் சபாவில் உட்கார்ந்திருக்கும் அதே குரலில். அங்கே அதன் பெயர் மோர்சங்.

பத்து மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்தார்கள். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. வெளியே கயிற்றுக்கட்டிலில், மூன்று கம்பளிக்குள் படுத்திருந்தோம். நான் நட்சத்திரம் பார்த்து எத்தனை வருடம்! கருமை கொஞ்சம்தான் இருந்தது, மீதி எல்லாம் நட்சத்திரம். அத்தை படுத்தபடியே விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். அது கார்த்திகை. அது திருவாதிரை. சின்ன வயதில் முற்றத்தில் படுத்து அவர் அப்பா காட்டியதெல்லாம். அப்புறம் தெற்கே திரும்பி எதையோ தேடினார்.

"அகத்தியர எங்க காணோம்?"

இருந்தார். அடிவானத்தை ஒட்டி, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி உயரத்தில், முள்மரத்தின் நுனியில் மாட்டிக்கொண்ட மாதிரி. சென்னையில் அவர் இரண்டரை முஷ்டி உயரத்துக்கு ஏறுவார். வடக்கே போகப் போகத் தெற்கு நட்சத்திரங்கள் தாழ்ந்துகொண்டே வரும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் 'நம் ஊர் அவ்வளவு தூரத்தில், அந்தக் கீழே இருக்கிறது' என்று உடம்புக்குத் தெரிந்தது அப்போதுதான்.

"பாவம், தெக்க போனவரு" என்று சொல்லிவிட்டு அத்தை கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பலோடிக்குப் பக்கத்தில் கீச்சன் என்ற கிராமத்தில் ஒரு காலை. மங்கோலியா பக்கத்திலிருந்து இமயமலை தாண்டி வரும் கொக்குகள், ஆயிரக்கணக்கில். சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து, காதோரம் வெள்ளைக் குஞ்சம். ஊர்க்காரர்கள் பல வருடமாக வேலி கட்டிய ஒரு திடலில் தானியம் போடுகிறார்கள், அவையும் வருடம் தவறாமல் வருகின்றன. இந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. வேடந்தாங்கலைப் பத்து மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சம் வேண்டாம், குரி போங்கள். ஜனவரியில் போனால் நல்ல கம்பளி எடுத்துப் போங்கள், பெங்களூரு ஸ்வெட்டர் போதாது. அமாவாசையை ஒட்டிப் போங்கள்.

வந்து ஒரு மாதம் கழித்து சௌகார்பேட்டையில், மின்ட் தெருவில் ஒரு கடையில் கால் கிலோ சாங்ரி வாங்கிவந்தேன். விலையைக் கேட்டு அத்தை கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். ராத்திரி ஊறவைத்து, காலையில் வேகவைத்து வடித்துக் கொடுத்தேன். அவர் அதை நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, கடைசியில் உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு போட்டு வத்தக்குழம்பு வைத்தார். ராஜஸ்தான்காரர்கள் என்னை மன்னிக்கட்டும், அது கேர் சாங்ரியைவிட நன்றாக இருந்தது.

போன பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனபோது, அத்தை வன்னி மரத்தடியில் வெகுநேரம் அண்ணாந்தபடி நின்றார். பிறகு குனிந்து, சருகுகளைக் கைத்தடியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா தேடறேள்?" என்றார் குருக்கள்.

"ஒண்ணுமில்ல சாமி. சும்மாதான்."